செயற்கை டீசலும் அதனுடன் பிறக்கும் நீரும்

வைக்கோலையும் உமியையும் டீசலாக மாற்றலாம் என்ற பேச்சைக் காவிரிப் படுகையில் அறுவடைக் காலங்களில் பலமுறை கேட்டிருக்கிறேன். மாற்றலாம் என்பது உண்மைதான். கரிமம் உள்ள எந்தப் பொருளையும் குறைந்த ஆக்சிஜனில் சூடாக்கினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும். அந்த வாயுவை வினையூக்கியின் மேல் செலுத்தினால் அது ஹைட்ரோகார்பன் சங்கிலிகளாகக் கோத்துக்கொள்ளும். 1920களில் ஜெர்மனியின் முல்ஹைம் நகரில் பிரான்ஸ் பிஷர், ஹான்ஸ் டிராப்ஷ் என்ற இரு வேதியியலாளர்கள் கண்டறிந்த இந்த வினையை நம்பித்தான் தென்னாப்பிரிக்கா 1955-இல் சசோல்பர்க்கில் நிலக்கரியில் இருந்து பெட்ரோல் எடுக்கத் தொடங்கியது. கத்தாரில் 2011-இல் உற்பத்தியைத் தொடங்கிய பெர்ல் ஆலை, இயற்கை எரிவாயுவை மூலப்பொருளாகக் கொண்டு நாளொன்றுக்கு 1,40,000 பீப்பாய் திரவப் பொருள்களைத் தரும் அளவுக்குக் கட்டப்பட்டது. ஆகவே வினை நடக்குமா என்று இன்று யாரும் ஐயப்பட வேண்டியதில்லை. அந்த வினையில் இருந்து வெளிவருவது டீசல் அல்ல, ஒரு பெருங்கலவை என்பதையும், அந்தக் கலவையைப் பிரிக்கும் வேலையே ஆலையின் பெரும்பகுதி என்பதையும்தான் நம் ஊர்ப் பேச்சுகளில் எவரும் எடுத்துச் சொல்வதில்லை.

பிரித்தல் என்பது டெல்டாக்காரர்களுக்குப் புதிய செய்தி அல்ல. களத்தில் தூற்றும்போது பதரும் சண்டும் ஒரு பக்கம் பறக்க, நெல் ஒரு பக்கம் குவிகிறது. ஆலையில் அந்த நெல் அரிசி, நொய், தவிடு, உமி என நான்காகப் பிரிகிறது. அரிசி மட்டும் விலை போய், தவிடு எண்ணெய் ஆலைக்கும் உமி கொதிகலனுக்கும் போகாமல் குவிந்து கிடந்தால், ஓர் அரைவை ஆலையும் ஆறு மாதம் தாங்காது. தவிட்டெண்ணெய் எடுக்கும் இடத்தில் இன்னும் நுட்பமான பிரிப்பு நடக்கிறது: ஹெக்சேன் என்ற கரைப்பானில் தவிட்டை நனைத்து எண்ணெயைக் கரைத்து எடுத்த பின், அந்த ஹெக்சேனை ஆவியாக்கி, குளிர்வித்து, மறுபடி தவிட்டுக்கே அனுப்புகிறார்கள். ஹெக்சேன் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பதில்தான் அந்தத் தொழிலின் லாபமும் பாதுகாப்பும் இருக்கின்றன. செயற்கை எரிபொருள் ஆலையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் அங்கே பிரிக்க வேண்டியவை நான்கு அல்ல, நூற்றுக்கணக்கான சேர்மங்கள்.

ஏன் அவ்வளவு என்றால், சங்கிலி வளரும் விதம் அப்படி. வினையூக்கியின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சங்கிலி, ஒவ்வொரு படியிலும் இன்னொரு கரிம அணுவைச் சேர்த்துக்கொள்ளலாம் அல்லது அறுந்து வெளியேறலாம். சேர்த்துக்கொள்ளும் வாய்ப்பு நூற்றுக்கு எழுபது என்று வைத்துக் கணக்கிட்டால், விளைபொருளின் எடையில் ஏறத்தாழ 47 சதவீதம் மீத்தேன் முதல் பியூட்டேன் வரையிலான வாயுக்களாகப் போய்விடும்; டீசலுக்கு ஏற்ற, 11 முதல் 20 கரிமம் வரை கொண்ட பகுதி 11 சதவீதத்தைத் தாண்டாது. வாய்ப்பை நூற்றுக்குத் தொண்ணூறாக உயர்த்தினால் வாயுக்கள் 8 சதவீதமாகக் குறையும். நாப்தா எனப்படும் 5 முதல் 10 கரிமப் பகுதி 22 சதவீதமும், டீசல் பகுதி 33 சதவீதமும், அதற்கும் கனமான மெழுகு 36 சதவீதமும் ஆகும். வினையூக்கியையும் வெப்பநிலையையும் எப்படி மாற்றினாலும், டீசல் மட்டும் வரும்படி இந்தப் பங்கீட்டை வளைக்க முடியாது. அதனால் பொறியாளர்கள் எதிர்த்திசையில் யோசித்தார்கள்: முடிந்த மட்டும் மெழுகாகவே வளரவிட்டு, பிறகு அந்த மெழுகை ஹைட்ரஜன் ஊட்டித் தேவையான நீளத்துக்குப் பிளப்பது என்று வைத்துக்கொண்டார்கள். இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த யோசனை இதுதான். வாயுவாகப் போனதை டீசலாக்குவது கடினம். மெழுகாக வளர்ந்ததை வெட்டி டீசலாக்குவது எளிது.

மெழுகை முதலில் வினையூக்கியிடம் இருந்து மீட்டாக வேண்டும். இன்றைய குறைந்த வெப்பநிலை ஆலைகளில் ஒரு வகை, உருகிய மெழுகிலேயே வினையூக்கித் தூளை மிதக்கவிட்டு, அடியில் இருந்து வாயுவைக் குமிழிகளாகச் செலுத்துகிறது. வெப்பநிலை 200 முதல் 240 டிகிரி செல்சியஸ், அழுத்தம் இருபது முப்பது வளிமண்டலம். துகள்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்து, மைக்ரானுக்கும் சிறிய மாவாகின்றன. அந்த மாவு வடிகட்டியின் கண்களை அடைக்கும். தப்பிப் போனால் அடுத்த கட்டத்தில் மெழுகைப் பிளக்கும் படுகையை அடைக்கும். வினையூக்கி கோபால்டாக இருந்தால், போகும் ஒவ்வொரு கிலோவும் விலை உயர்ந்த உலோகம். ஆய்வுக்கூடத்தில் அழகாக ஓடிய வினையூக்கிகள் பெரிய உலையில் தடுமாறுவதற்கு இந்த மாவு ஒரு முக்கியக் காரணம்.

மெழுகு போக மற்றவை உலையின் தலைவழியே ஆவியாக வெளியேறுகின்றன. இவற்றை ஒரே மூச்சில் குளிர்வித்துவிட முடியாது. குளிர்ந்த குழாயில் மெழுகு உறைந்து படிந்து வழியை அடைத்துவிடும். எனவே முதலில் சூடான கலம் ஒன்றில் கனமானவற்றைத் திரவமாக இறக்கிவிட்டு, மிச்சத்தை 40 டிகிரி அளவுக்குக் குளிர்வித்து, மூன்று அடுக்காகப் பிரியும் கலத்துக்கு அனுப்புகிறார்கள். மேலே வாயு, நடுவே எண்ணெய், அடியில் நீர். எண்ணெயும் பிளந்த மெழுகும் காய்ச்சி வடிக்கும் கோபுரத்துக்குப் போய் நாப்தா, மண்ணெண்ணெய், டீசல் எனக் கொதிநிலைப்படி பிரிகின்றன. இந்தப் பகுதி நாம் அறிந்த பெட்ரோலியச் சுத்திகரிப்பேதான். நாகப்பட்டினம் பக்கம் நரிமணம் கச்சா எண்ணெய்க்காக 1993-இல் வந்த சுத்திகரிப்பு ஆலையின் கோபுரத்தைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. செயற்கை டீசலில் கந்தகம் கிட்டத்தட்ட இல்லை என்பது மட்டும் பெரிய வேறுபாடு. அது புகழுக்குரியது என்றாலும், அந்தக் கந்தகம் முன்கூட்டியே வாயுவில் இருந்து கழுவி எடுக்கப்பட்டதால்தான் இல்லை. கழுவாவிட்டால் வினையூக்கியே செத்துப்போகும். சசோல்பர்க்கில் இதற்காகக் கடுங்குளிரில் வைத்த மெத்தனாலைக் கொண்டு வாயுவைக் கழுவும் ரெக்டிசால் முறையைப் பயன்படுத்தினார்கள்.

மேல் அடுக்கில் உள்ள வாயு, ஆலைக்கு முன்புறத்தில் செய்த ஒரு தேர்வின் பலனைப் பின்புறத்தில் காட்டுகிறது. அதில் வினையில் சேராமல் போன கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் இருப்பதால் மீண்டும் உலைக்கு அனுப்பலாம். வைக்கோலை வெறும் காற்றில் வாயுவாக்கியிருந்தால் அந்த வாயுவில் ஏறத்தாழ பாதி நைட்ரஜன்தான். சுற்றிவிடும் ஒவ்வொரு முறையும் அது சேர்ந்துகொண்டே போகும். பின்னால் பிரித்துவிடலாமே என்றால், நைட்ரஜன் கொதிப்பது மைனஸ் 196 டிகிரியில், கார்பன் மோனாக்சைடு கொதிப்பது மைனஸ் 191.5 டிகிரியில், இவ்வளவு நெருங்கிய இரண்டைக் குளிரால் பிரிப்பது பெரும் செலவு. ஆகவே பெரிய ஆலைகள் காற்றையே முதலில் பிரித்து, தூய ஆக்சிஜனை மட்டும் உள்ளே விடுகின்றன. இந்தக் காற்றுப் பிரிப்பு நிலையமும் சாதாரணமானதல்ல. மலேசியாவின் பிந்துலுவில் 1993 முதல் இயங்கிய செயற்கை எரிபொருள் ஆலையில், 1997 டிசம்பரில் வெடித்தது உலை அல்ல, காற்றுப் பிரிப்பு நிலையம். அந்த ஆண்டு அப்பகுதியைச் சூழ்ந்த காட்டுத்தீப் புகையின் நுண்துகள்கள் உள்ளே சேர்ந்தது அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. வயலில் தாளைக் கொளுத்தும் ஒரு பகுதியில் இப்படி ஒரு நிலையம் அமைப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய நிகழ்வு இது.

நம் ஊர் அளவில் ஓடும் சிறிய உமி வாயுவாக்கிகள் காற்றைத்தான் பயன்படுத்துகின்றன. மோட்டார் ஓட்டவும் உலை மூட்டவும் அது போதும். அந்த வாயுவைக் கொண்டு டீசல் எடுப்போம் என்று சொல்பவரிடம் நைட்ரஜனை எங்கே பிரிப்பீர்கள் என்ற ஒரு கேள்வியைக் கேட்டாலே பாதித் திட்டம் தெளிவாகிவிடும். நெல் வைக்கோலுக்கு இன்னும் சில குணங்கள் உண்டு. சிலிக்காவும் பொட்டாசியமும் குளோரினும் அதில் அதிகம். பொட்டாசியம் சாம்பலை உருகவைத்து உலைச் சுவரில் ஒட்டவைக்கும். குளோரின் உலோகத்தை அரிக்கும். தார் தனிப் பிரச்சினை. அதை நீரால் கழுவி எடுத்தால் பீனால் கலந்த கறுப்பு நீர் மிஞ்சும். உமி வாயுவாக்கிகள் ஓடும் இடங்களில் பிரிக்கும் வேலையை அரைகுறையாக விட்டதன் அடையாளம் அந்தக் கறுப்பு நீர்தான். ஒப்பிட்டால், சாண எரிவாயுவைத் தூய்மையாக்குவது எளிது. அதில் பெரும்பாலும் மீத்தேனும் கரியமில வாயுவும் சிறிது ஹைட்ரஜன் சல்பைடும்தான்; 2018-இல் மத்திய அரசு தொடங்கிய சதத் திட்டத்தின் அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு இந்த வழியில் வருவது.

இனி அடி அடுக்கில் உள்ள நீர். இதைப் பற்றித்தான் நான் விரிவாக எழுத விரும்பினேன்.

ஒரு கரிம அணு சங்கிலியில் சேரும்போது, கார்பன் மோனாக்சைடில் இருந்த ஆக்சிஜன் நீராக வெளியேறுகிறது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணிக்கும் எடை 14 என்றால், உடன் பிறக்கும் நீரின் எடை 18. அதாவது ஒரு டன் ஹைட்ரோகார்பனுக்கு ஏறத்தாழ 1.3 டன் நீர். எடைக் கணக்கில் பார்த்தால் இந்த ஆலை முதன்மையாக உற்பத்தி செய்வது நீரைத்தான். எரிபொருள் இரண்டாவதாக வருகிறது. இரும்பு வினையூக்கியில் இந்த நீரில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடுடன் மீண்டும் வினைபுரிந்து ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் தரும். நீர் குறையும், கரியமில வாயு கூடும். கோபால்டில் பெரும்பாலும் நீராகவே வந்துவிடும்.

இது மழைநீர் போலத் தூயது அல்ல. மெத்தனால், எத்தனால், கீட்டோன்கள், அசெட்டிக் அமிலம் ஆகியவை இதில் கரைந்திருக்கும். கோபால்ட் வழியில் இவை எல்லாம் சேர்ந்து நூற்றுக்கு ஒரு பங்கு அளவு. 300 டிகிரிக்கு மேல் இரும்பு வினையூக்கியில் ஓடும் ஆலைகளில் ஐந்து ஆறு பங்கு வரை வரும். ஒரு பங்குதானே என்று எண்ணத் தோன்றும். ஒரு லிட்டர் நீரில் பத்து கிராம் எத்தனால் இருந்தால், அதை நுண்ணுயிர்கள் தின்று முடிக்க ஏறத்தாழ 20 கிராம் ஆக்சிஜன் வேண்டும். நம் வெயிலில் 30 டிகிரியில் இருக்கும் ஆற்றுநீர் ஒரு லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் ஆக்சிஜனைத்தான் கரைத்து வைத்திருக்கும். கணக்கிட்டுப் பார்த்தால், அந்த ஒரு லிட்டர் வினைநீர் 2,600 லிட்டருக்கும் மேற்பட்ட ஆற்றுநீரின் மூச்சைப் பறிக்கும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், எரிபொருள் ஆலையில் அல்ல. திருவாரூர் மாவட்டத்தில் நான் வளர்ந்த ஊரின் வாய்க்கால் கரையில் ஓர் அரைவை ஆலை இருந்தது. நெல்லை அவிப்பதற்கு முன் தொட்டியில் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறவைப்பார்கள். ஊறல் நீரைத் திறந்துவிடும் நாளில் வாய்க்கால் புளித்து நாறும்; மறுநாள் காலை கெண்டைக் குஞ்சுகள் வயிறு மேலாக மிதக்கும். அந்த நீரில் விஷம் எதுவும் இல்லை. நெல்லில் இருந்து கரைந்த சர்க்கரையும் அது புளித்து உண்டான அமிலமும்தான் இருந்தன. நுண்ணுயிர்கள் அவற்றைத் தின்ற வேகத்தில் மீனுக்கு மூச்சுவிட ஆக்சிஜன் மிஞ்சவில்லை. செயற்கை எரிபொருள் ஆலையின் வினைநீரில் உள்ள ஆல்கஹாலும் அமிலமும் செய்யக்கூடியது அதே வேலைதான், பல மடங்கு அடர்த்தியில்.

டெல்டாவின் நில அமைப்பில் இதற்குத் தனிப் பொருள் உண்டு. இங்கே ஓர் ஊரின் வடிகால் அடுத்த ஊரின் பாசன வாய்க்கால். கல்லணையில் பிரிந்து, வெண்ணாறாகவும் வெட்டாறாகவும் அவற்றின் கிளைகளாகவும் ஓடி வரும் நீர், வயலுக்கு வயல் பயன்பட்டு வடிந்து, தலைஞாயிறு, வேதாரண்யம் போன்ற கடைமடைப் பகுதிகளுக்குக் கடைசியாகப் போய்ச் சேருகிறது. மேட்டில் கலப்பது எதுவும் எங்கோ கடலில் மறைந்துவிடுவதில்லை; இன்னொருவரின் நாற்றங்காலில் நிற்கிறது. வேளாண் மண்டலப் பாதுகாப்புக்காகத் தமிழ்நாடு 2020-இல் இயற்றிய சட்டம் எண்ணெய், எரிவாயு அகழ்வையும் தோல் பதனிடுதல், செம்பு உருக்குதல் போன்ற தொழில்களையும் இங்கே புதிதாக வரவிடாமல் தடுக்கிறது. அந்தத் தடை வந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் வைக்கோலை நம்பி வரும் ஆலை வேளாண்மையின் தோழனாகவே வந்து நிற்கும் என்பதால், அதன் வாசலில் எழும் கேள்விகள் குறைந்துவிடும் என்ற அச்சமும் எனக்கு உண்டு.

அளவைப் பார்ப்போம். நாளொன்றுக்கு 100 டன் எரிபொருள் தரும் ஆலை ஒன்றைக் கற்பனை செய்தால், உலகத்தின் பெரிய ஆலைகளோடு ஒப்பிட அது மிகச் சிறியது. ஒரு டன் உலர்ந்த வைக்கோலில் 150 கிலோ திரவ எரிபொருள் கிடைப்பதாக வைத்தால், நாளைக்கு ஏறத்தாழ 670 டன் வைக்கோல் வேண்டும். ஏக்கருக்கு இரண்டு டன் என்று தாராளமாகக் கணக்கிட்டாலும் 330 நாள் ஓட்டத்துக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஏக்கரின் வைக்கோல் தேவை. அந்த வைக்கோலுக்கு இப்போதே கறவை மாடு வைத்திருப்பவர்கள் வாடிக்கையாளர்களாக இருக்கிறார்கள். கட்டுக்கட்டாக வெளியூர் லாரிகளில் ஏறுகிறது. பிறக்கும் வினைநீர் நாளைக்கு 130 டன், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் பதினொன்று. வாயுவைக் கழுவிய நீர், குளிர்கோபுர நீர் ஆகியவை இதற்கு மேல்.

இந்த நீரில் உள்ளவற்றை மீட்க முடியுமா என்றால், பாதி எளிது, பாதி கடினம். மெத்தனாலும் எத்தனாலும் கீட்டோன்களும் நீரைவிட எளிதில் ஆவியாகும். ஒரு கோபுரத்தின் நடுவில் நீரை விட்டு, அடியில் சூடாக்கினால் அவை தலைவழியே போய்விடும். எத்தனாலை எடையில் 95.6 சதவீதத்துக்கு மேல் சாதாரண வடித்தலில் தூய்மையாக்க முடியாது; அந்த விகிதத்தில் ஆவியும் திரவமும் ஒரே கலவையாகிவிடும். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்காக நம் சர்க்கரை ஆலை சார்ந்த வடிப்பாலைகள் செய்வது போல, மிச்ச நீரை மூலக்கூற்றுச் சல்லடையில் பிடித்துக்கொள்ள வேண்டும். சிறிய ஆலையில் இவ்வளவு செய்து விற்பதைவிட, இந்த ஆல்கஹால் கலவையை அப்படியே வாயுவாக்கிக்குத் திருப்பி அனுப்புவதே புத்திசாலித்தனம் என்று நினைக்கிறேன். தென்னாப்பிரிக்காவின் செகுண்டா போன்ற பேராலையில்தான் ஆல்கஹால்களையும் கீட்டோன்களையும் தனித்தனி வேதிப்பொருளாக மீட்டு விற்பது கட்டுபடியாகும். அங்கே ஹெக்சீன், ஆக்டீன் போன்ற சேர்மங்களைக்கூட எண்ணெயில் இருந்து தனியே எடுத்துப் பிளாஸ்டிக் தொழிலுக்குத் தருகிறார்கள்.

கடினமான பாதி அமிலம். அசெட்டிக் அமிலம் 118 டிகிரியில் கொதிப்பது. நீர் 100 டிகிரியில். எண்களைப் பார்த்தால் பிரிப்பது எளிது போலத் தோன்றும். உண்மையில், நீர் மிகுந்த கலவையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விகிதத்தில் ஆவியாகின்றன. மேலும், அமிலத்தைத் தனியே விட்டு நீர் முழுவதையும் ஆவியாக்க வேண்டியிருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு அமிலத்துக்காக 999 பங்கு நீரைக் கொதிக்க வைப்பது எந்தக் கணக்கிலும் சேராது. ஆகவே கோபுரத்தின் அடியில் அமிலநீர் மிஞ்சுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு என்றாலும் லிட்டருக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் ஆக்சிஜன் கேட்கும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுநீருக்கு நம் நாட்டில் உள்ள பொது வரம்பு 250 மில்லிகிராம். இந்த அமிலத்தை மீட்பதைவிட நுண்ணுயிருக்கு உணவாகக் கொடுப்பதே மேல். காற்றில்லாத் தொட்டியில் அசெட்டிக் அமிலத்தைத் தின்று மீத்தேன் விடும் நுண்ணுயிர்கள் சாணக் குழியில் இருப்பவையேதான். அதன்பின் காற்றூட்டிய தொட்டி, படலச் சவ்வு என்று தொடர்ந்தால் நீர் மறுபடி கொதிகலனுக்கும் குளிர்கோபுரத்துக்கும் தகுதியாகிறது. கத்தாரின் பெர்ல் ஆலை தன் வினைநீரைக் கடலில் விடாமல் முழுக்கச் சுத்திகரித்துத் தானே பயன்படுத்திக்கொள்ளும்படி வடிவமைக்கப்பட்டது. பாலைவனத்தில் நீர் அருமையானது என்பதால் அதைச் செய்தார்கள். நாம் செய்ய வேண்டிய காரணம் வேறு என்றாலும், வழி அதுதான்.

இதற்கெல்லாம் வெப்பத்துக்கு எங்கே போவது என்று கேட்கலாம். வினையே வெப்பம் தருகிறது. ஒரு மோல், அதாவது 28 கிராம், கார்பன் மோனாக்சைடுக்கு ஏறத்தாழ 165 கிலோஜூல் வெளியாகிறது. அதனுடன் பிறக்கும் 18 கிராம் நீரை ஆவியாக்க 41 கிலோஜூல் போதும். அதாவது, தான் பெற்ற நீர் முழுவதையும் நான்கு முறை கொதிக்க வைக்கும் வெப்பத்தை உலை ஒவ்வொரு கணமும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. அந்த வெப்பத்தை எடுக்காவிட்டால் வினையூக்கி கருகும் என்பதால், உலைக்குள் ஓடும் குழாய்களில் நீரைக் கொதிக்கவைத்து நீராவியாக எடுத்தே ஆக வேண்டும். ஆனால் அந்த நீராவிக்குப் போட்டி அதிகம். ஆக்சிஜன் நிலையத்தின் அழுத்திகள் கேட்கும்; மின்சாரமாக்கி விற்றால் பணமாகும்; வினைநீர்க் கோபுரம் கடைசியாகக் கை நீட்டும். ஒரு திட்டம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக்கு வரும்போது அதன் குழாய் வரைபடத்தைக் கேட்டு வாங்க வேண்டும். உலையின் நீராவிக் குழாயில் இருந்து ஒரு கிளை வினைநீர்க் கோபுரத்தின் அடிக்குப் போகிறதா, போனால் எத்தனை டன் நீராவி அதற்கென்று ஒதுக்கப்பட்டிருக்கிறது, அந்தக் கோபுரம் பழுதாகும் நாளில் நீரைத் தேக்கிவைக்க எத்தனை நாள் கொள்ளளவுக்குத் தொட்டி இருக்கிறது என்பவை அந்த வரைபடத்திலும் அதனுடன் இணைக்கும் கணக்குத் தாளிலும் இருந்தாக வேண்டும்.